மாட்டிக்கிட்டேன்

படுத்த படுக்கையாகிவிட்ட ஒட்டடையைப் புரட்டிப் போட இரண்டு ஆள் வேண்டும். தோளைப் பிடிக்க ஒருத்தர், இடுப்பைப் பிடிக்க ஒருத்தர். ஒரே மூச்சில் புரட்ட வேண்டும். தோள் ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமும் போய்விட்டால் முதுகில் வைத்துத் தைத்த கம்பி என்னாகும் என்று ஆஸ்பத்திரியிலேயே பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். தோளுக்கு அவன் பெண்டாட்டி இருந்தாள். இடுப்புக்கு அவளுடைய தம்பி இருந்திருக்க வேண்டும். அதே வரிசையில் நாலு அறை தள்ளித்தான் அவன் ஜாகை. ஆனால் மாமனை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அவன் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

அதனால் பக்கத்து அறைக் கலவைக்காரி வந்தாள். கட்டடத்தில் கலவை மெஷினுக்கு சிமெண்டு கொட்டுகிறவள். வருஷக்கணக்காக சிமெண்டு தின்ற கை அவளுடையது, உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கும்.

"என் கை பட்டா புண்ணு ஆறாது, தேய்ஞ்சு போயிடும். சும்மா படுத்திரு ஒட்டடை. ஏலேலோ சொல்லவா, ஒண்ணு ரெண்டு சொல்லவா?"

முன்பு என்றால் அந்த ஒரு பேச்சுக்கு அவன் ஒன்பது பேச்சுப் பேசியிருப்பான். ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். கட்டடத்தில் எல்லோருக்கும் ஒட்டடைதான். கையைத் தூக்கினால் தளத்தைத் தொட்டுவிடுவான். வாயைத் திறந்தால் மேஸ்திரியிலிருந்து தண்ணீர் லாரிக்காரன் வரைக்கும் ஒருத்தரையும் விட்டுவைக்க மாட்டான். இப்போது தகரக் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். புரட்டியபோது பல்லைக் கடித்தான். இடுப்புக்குக் கீழே வலி கிடையாது, வலிக்கிறதெல்லாம் மேலேதான்.

பிட்டத்துப் புண் ஒரு கை அகலத்துக்கு விரிந்திருந்தது. பெண்டாட்டி வெந்நீரில் துணி நனைத்து ஒற்றினாள். கலவைக்காரி மூக்கைச் சுளிக்கவில்லை, அது அவளுடைய நல்ல குணம். மூக்குக்குப் பதிலாக வாயை உபயோகித்தாள்.

"உன் தம்பி எங்கடி? நேத்து தண்ணிக் குழாயடியில பாத்தேன். என்னைக் கண்டதும் குடத்தை விட்டுட்டே ஓடுறான். நான் என்ன அவனைக் கட்டிக்கவா கேட்டேன்?"

"வேலை அக்கா. அலுப்பா இருக்கும்."

"அலுப்பா? மெஷினை நிறுத்தி வெச்சு எத்தனை நாளாச்சு? உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சா?"

அவள் துணியைப் பிழிந்து மறுபடியும் ஒற்றினாள். கலவைக்காரிக்குப் பதில் தேவைப்படவில்லை.

தம்பிக்குக் கட்டடத்தில் பிரேக்கு என்று பேர். வின்ச் ஓட்டுகிறவன். கீழே கலவை நிரப்பிய இரும்புத் தொட்டியைக் கம்பிக் கயிற்றில் மேலே ஏற்றுவதும், காலித் தொட்டியைப் பிரேக்கை விட்டு இறக்குவதும் அவன் வேலை. பூ மாதிரி இறக்குவான் என்பதால் வந்த பேர். மேலே தொட்டியைத் தளத்துக்குள் இழுத்துக் காலி செய்து, திரும்ப வெளியே தள்ளிவிடுவது மாமனின் வேலை. அந்த நீளக் கைக்காகவே அவனை அங்கே நிறுத்தியிருந்தார்கள். கீழே தொட்டியில் கலவை அள்ளிப் போடுவது அவள் வேலை. ஒரு கயிற்றில் மூன்று பேர். "குடும்பமே தொட்டியில தொங்குது" என்று ஒட்டடை சொல்வான்.

வின்ச் நிற்கிற இடத்திலிருந்து மேலே ஆள் தெரியாது. சாரத்துப் பச்சை வலை மறைக்கும். சத்தம் மட்டும்தான் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் எல்லாம் வந்து நின்றது.

வேறொரு கட்டடத்தில் யாரோ விழுந்து செத்த பிறகு சேஃப்டி சாரைக் கொண்டுவந்து போட்டார்கள். நல்ல மனுஷன், அதைச் சொல்லத்தான் வேண்டும். மற்ற சார்மார் மாதிரி காருக்குள்ளிருந்து கை நீட்டமாட்டார். தினம் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் சிமெண்டு கொட்டகை வாசலில் எல்லோரையும் நிற்கவைத்து, கை மைக்கில் வகுப்பு எடுப்பார். ஹெல்மெட்டு எதற்கு, கையுறை எதற்கு, மின்சார வயரைத் தாண்டலாமா கூடாதா என்று. ஒரு நாள் பெல்ட்டைத் தானே இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அதிலிருந்து ஒரு வார் தொங்கியது, வாரின் நுனியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கொக்கி.

"மேல தொட்டி இழுக்குறவங்க நல்லாக் கேட்டுக்குங்க. தொட்டியை வெளியே தள்ளினதும் இந்தக் கொக்கியைக் குறுக்குக் குழாய்ல மாட்டணும். மாட்டிட்டு, கீழ இருக்கிறவருக்குக் கேக்குற மாதிரி சத்தமா ஒரு வார்த்தை சொல்லணும். அதைக் கேட்டப்புறம்தான் வின்ச் அசையணும். என்ன வார்த்தை? மாட்டிக்கிட்டேன்! எங்க, எல்லாரும் சொல்லுங்க."

கூட்டம் முணுமுணுத்தது. பின்வரிசையிலிருந்து ஒட்டடை கையைத் தூக்கினான்.

"சார், இந்த வார்த்தையை நான் கல்யாணத்தன்னைக்கே சொல்லிட்டேன் சார். யாரும் காப்பாத்த வரல."

கொட்டகையே சிரித்தது. சேஃப்டி சாரும் சிரித்துவிட்டார். அவள் கையில் கிடைத்த ஈர மணலை அள்ளி அவன் மேல் வீசினாள். "பாருங்க சார், கையோட கையா நடக்குது" என்றான் அவன். மறுபடியும் சிரிப்பு.

அன்றைக்கு மதியமே கொட்டகைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டார்கள்: 'மாட்டிக்கிட்டேன்' சொன்னால்தான் வின்ச் அசையும்.

அதன் பிறகு ஒட்டடைக்கு அது ஒரு விளையாட்டு ஆகிவிட்டது. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு ராகம். ஒரு தடவை ஒப்பாரி, ஒரு தடவை பிச்சைக்காரன் குரல். "ஐயோ, மாட்டிக்கிட்டேனே! யாராச்சும் வாங்களேன்!" என்று மேலேயிருந்து கத்துவான். கீழே அவள் சட்டியும் கையுமாக நின்று சிரிப்பாள். "என்னக்கா, மாமாவை என்ன பண்ணின?" என்று சொல்லிக்கொண்டே தம்பி பிரேக்கை விடுவான். தொட்டி பூ மாதிரி இறங்கும். வெயிலில் தோல் உரியும் வேலைக்கு நடுவே அந்த ஒரு நொடி அவளுக்கு மோர் குடித்த மாதிரி இருக்கும். புருஷன் தன்னைத்தான் கிண்டல் பண்ணுகிறான் என்று ஊருக்கே தெரிவதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அந்த நாளும் அப்படித்தான். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டிருந்தது. தளம் நனைவதற்குள் முடித்தாக வேண்டும் என்று மேஸ்திரி எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். மேலே ஒட்டடை காலித் தொட்டியை வெளியே தள்ளினான். இடுப்பில் தொங்கிய கொக்கியை இன்னும் குழாயில் போட்டிருக்கவில்லை. தள்ளிய வேகத்தில் அந்தக் கொக்கி தொட்டியின் கைப்பிடியில் போய் விழுந்தது. கொக்கிக்கு என்ன தெரியும், குழாய் என்றும் தொட்டி என்றும்?

"ஐயோ! மாட்டிக்கிட்டேன்!"

அவள் சிரித்தாள். தம்பி பிரேக்கை விட்டான்.

கீழே மணல் குவித்திருந்ததால் உயிர் நின்றது என்றார்கள் எல்லோரும்.

*

சேஃப்டி சாரும் மேஸ்திரியும் அறைக்கு வந்த அன்று தகரம் கொதித்தது. உட்காரச் சொல்ல அறையில் இடமில்லை. அவள் கஞ்சிப் பானையை அடுப்படிக்கு நகர்த்தி, தண்ணீர் டிரம்மின் மேல் பலகையைப் போட்டுக் கொடுத்தாள். சார் அதில் உட்கார்ந்தார். மேஸ்திரி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் சார். கேட்ட பிறகு, கேட்டிருக்கக் கூடாதோ என்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"படுத்துக்கிட்டே சோறு சார். முதலாளி மாதிரி" என்றான் ஒட்டடை. யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனும்.

சார் கையிலிருந்த நோட்டைப் பிரித்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னைக்கு நீங்க சிக்னல் குடுத்தீங்களா? குடுக்காம வின்ச்சை இறக்கியிருந்தா அது ஒரு மாதிரி. குடுத்து, ஆனா மாட்டாம இருந்திருந்தா அது வேற மாதிரி. மேல என்கிட்டக் கேக்குறாங்க." அவள் பக்கம் திரும்பினார். "நீங்க கீழதானேம்மா இருந்தீங்க? அவரு என்ன கத்தினாருன்னு கேட்டுச்சா?"

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மேஸ்திரி அவளையே பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் குழாயடியில் அவளை நிறுத்தி அவர் சொன்னது இதுதான்: "உன் புருஷன் ஐயோன்னு கத்தினது எனக்கும் கேட்டுச்சு, உன் தம்பிக்கும் கேட்டுச்சு. ஐயோன்னு ஒருத்தன் கத்தினப்புறம் பிரேக்கை விட்டான்னு வெளிய தெரிஞ்சா, உன் தம்பியைத் தூக்கி உள்ள வெச்சுருவாங்க. விளையாட்டுன்னு நெனச்சேன்னு சொன்னா எவன் கேப்பான்? ஒருத்தன்தான் படுத்துட்டான். இன்னொருத்தனையும் அனுப்பிட்டு நீ என்ன பண்ணுவ? யோசிச்சுக்க."

"மெஷின் சத்தம் சார். ஒண்ணும் கேக்கல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே கேக்கல சார்."

சார் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது பாயிலிருந்து குரல் வந்தது.

"அவளை ஏன் சார் கேக்குறீங்க? விழுந்தவன் நான். சிக்னல் குடுத்தேன். மாப்ள கேட்டுட்டுத்தான் இறக்கினான். நான்தான் மாட்டல. அவசரத்துல மாட்டாமலே மாட்டிக்கிட்டேன்னு கத்திட்டேன். எழுதிக்குங்க."

மேஸ்திரியின் கை நிலைப்படியிலிருந்து இறங்கியது. சேஃப்டி சார் பெருமூச்சு விட்டார். அது நிம்மதியா வருத்தமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எழுந்தவர், போகும்போது இன்னொன்றும் கேட்டார். கேட்கச் சங்கடப்பட்டுத்தான் கேட்டார். "நான் சொல்றது யாருக்கும் மண்டையில ஏற மாட்டேங்குது. நீங்க ஒரு நாள் வகுப்புக்கு வந்து, இதை உங்க வாயாலயே சொன்னீங்கன்னா... நாலு பேரு தப்பிப்பாங்க. வண்டி அனுப்புறேன். கட்டாயம் இல்ல."

"வர்றேன் சார். எனக்கென்ன, மேடையேறுற வயசுதானே."

அவர்கள் போன பிறகு அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கரண்டியால் ஊட்டினாள். ரெண்டு வாய் வாங்கியவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"ஏன்யா அப்படிச் சொன்ன?"

"பொய்யா சொன்னேன்? கொக்கி குழாய்ல இருந்துச்சா? இல்ல. அப்ப நான் மாட்டல. முழு உண்மை."

"தொட்டியில மாட்டுனதைச் சொல்லலையே."

"சொன்னா? அப்புறம் எப்படிக் கத்தினீங்கன்னு கேப்பாரு. எப்படிக் கத்தினேன்னு உனக்குத் தெரியும், உன் தம்பிக்குத் தெரியும். நடிச்சுக் காட்டச் சொல்லுவாங்க. தப்பு எம்மேலதான். தினம் பத்துத் தடவை சாகுற மாதிரி கத்தி வெச்சிருந்தேன். நிசமா சாகுறப்ப கத்துறதுக்கு என்கிட்ட வேற குரல் இல்ல."

அவள் கரண்டியைக் கஞ்சியில் விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"உன் சிரிப்பு மேல வரைக்கும் கேட்டுச்சு" என்றான் அவன். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. மழை பெய்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னான். "நல்லாச் சிரிச்ச."

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துபோய், கழுவ வேண்டிய தேவையே இல்லாத பாத்திரத்தையெல்லாம் கழுவினாள்.

பிறகு நாலு அறை தள்ளிப் போய்க் கதவைத் தட்டினாள். தம்பி திறக்கவில்லை. உள்ளே இருக்கிறான் என்பது பீடிப் புகையில் தெரிந்தது.

"டேய். மாமா உன்னைக் காப்பாத்திட்டாரு. உன்மேல ஒண்ணும் இல்ல. சார் எழுதிட்டுப் போயிட்டாரு."

அவள் மறுபடியும் தட்டினாள்.

"வந்து இடுப்பைப் பிடிடா. அந்தக்கா வேலைக்குப் போயிட்டா. ஒத்தையில புரட்ட முடியல."

நெடுநேரம் கழித்துக் கதவுக்கு மிக அருகிலிருந்து குரல் வந்தது. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசியிருப்பான்.

"எந்தக் கையாலக்கா பிடிக்கச் சொல்ற?"

*

வகுப்புக்கு அவனைக் கலவை ஏற்றுகிற சின்ன வண்டியில் பாயோடு கொண்டுபோனார்கள். சிமெண்டு கொட்டகை வாசலில், சுவரில் எழுதிய சிவப்பு எழுத்துக்குக் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சாயாமல் இருக்க ஒரு துணியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள் அவள். அவன் கால்கள் யாரோ கழற்றி வைத்தவை மாதிரி முன்னால் கிடந்தன. அவற்றை எடுத்து நேராக வைத்தாள்.

கூட்டம் நின்றது. அவனைப் பார்த்துப் பல நாளாகியிருந்தது, சிலர் கையைத் தூக்கினார்கள், "ஒட்டடை!" என்று ஒருத்தன் கூவினான். தம்பி கடைசி வரிசையில், கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றான். முகம் தெரியவில்லை, ஹெல்மெட்டு மட்டும் தெரிந்தது.

சேஃப்டி சார் மைக்கை ஒட்டடையின் வாயருகே பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றான் அவன். மைக் கீச்சிட்டது. "நான் மாட்டல."

முன்வரிசையில் ஒரு இளவட்டம் களுக்கென்று சிரித்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. ஒட்டடை வாயைத் திறந்தால் சிரிக்க வேண்டும் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் பழகிப்போனது. கல்யாணம், பெண்டாட்டி என்று ஏதாவது வரும் என்று பாதிப் பேர் முகத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். ஒட்டடை அந்த முகங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். அவன் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சொல்லிவிடப் போகிறான் என்று அவளுக்கே தோன்றியது. ஒன்றே ஒன்று சொன்னால் போதும், கூட்டம் அவனை மறுபடியும் எடுத்துக்கொண்டுவிடும்.

"மாட்டாமலே மாட்டிக்கிட்டேன்னு கத்தினேன். அவசரம். என் தப்பு. நீங்க அப்படிச் செய்யாதீங்க. இவ்வளவுதான்."

சிரித்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேட்டீங்களா?" என்றார் சேஃப்டி சார். அவர் குரல் நிசமாகவே உடைந்திருந்தது. "ஒரு கொக்கி. ஒரு நொடி. இனிமே ஒருத்தர்கூட மறக்கக் கூடாது. மாட்டினப்புறம் என்ன சொல்லணும்? எல்லாரும் சத்தமா!"

"மாட்டிக்கிட்டேன்!"

"இன்னொரு தடவை!"

"மாட்டிக்கிட்டேன்!"

முன்னெல்லாம் முணுமுணுப்பார்கள். இப்போது கட்டடமே அதிரக் கத்தினார்கள். பச்சை வலைக்குள்ளிருந்து புறாக்கள் எழும்பின. ஒட்டடை கண்ணை மூடிக்கொண்டான். நாற்காலியில் கட்டியிருந்த துணி அவன் மூச்சுக்கு ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குச் சுரீர் என்றது. தம்பியைக் காப்பாற்றியாயிற்று. கூடவே இந்த வார்த்தையையும் காப்பாற்றிவிட்டோம்.

கூட்டம் கலைந்ததும் அவள் சேஃப்டி சாரின் பின்னாலேயே ஓடினாள்.

"சார், சார். அந்த வார்த்தையை மாத்திருங்க சார்."

"எந்த வார்த்தை?"

"மாட்டிக்கிட்டேங்கிறது. வேற ஏதாச்சும் வெச்சிருங்க. 'சரி'ன்னு வெய்ங்க. 'விடு'ன்னு வெய்ங்க. எதுன்னாலும் வெய்ங்க."

அவர் நின்றார். "ஏம்மா?"

அவள் வாய் திறந்தது. சொல்ல வேண்டியது நாலே வார்த்தைதான். அந்த நாலு வார்த்தையைச் சொன்னால், அடுத்த கேள்விக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கடுத்த கேள்வியில் கம்பிக் கட்டுக்குப் பின்னால் நிற்கிற அந்த ஹெல்மெட்டு வந்துவிடும்.

"அன்னைக்கு ஏதாவது நடந்துச்சா? எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லும்மா." அவர் மெதுவாகத்தான் கேட்டார். அந்த மென்மையில் அவளுக்கு அழுகை முட்டியது. கெட்டவராக இருந்திருந்தால்கூடத் தேவலை.

"ஒண்ணுமில்ல சார். கேக்கவே என்னவோ மாதிரி இருக்கு. அதான்."

"எனக்குப் புரியுது" என்றார் அவர், ஒன்றும் புரியாமல். "உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா இப்பத்தான் எல்லாருக்கும் பழகியிருக்கு. இப்ப மாத்தினாக் குழம்பிப் போயிடுவாங்கம்மா. குழப்பம்தான் ஆபத்து."

அன்று வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்த பிறகு ஒட்டடை பேசவில்லை. சோறு வேண்டுமா என்றால் கண்ணால் வேண்டாம் என்றான். கலவைக்காரி வந்து, "என்னடி, உன் புருஷன் மைக்குல பேசினதோட இருந்த பேச்செல்லாம் தீந்துபோச்சா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தவள், சொரசொரத்த கையால் அவன் முழங்காலைத் தடவிவிட்டு எழுந்து போனாள். முழங்காலைத் தடவினால் அவனுக்குத் தெரியாது என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

*

மேலே தொட்டி இழுக்க ஆள் கிடைக்கவில்லை. ஒட்டடை நின்ற இடத்தில் நிற்க ஆண்கள் யோசித்தார்கள். மேஸ்திரி அவளிடம் வந்தார். கீழே சட்டி தூக்குவதைவிட மேலே கூலி கூட என்றார். கம்பெனி உன்னைக் கைவிடாது என்பதற்கு இதுவே அடையாளம் என்றார். உன் கயிறு, உன் தம்பி கையில இருக்கு, உனக்கென்ன பயம் என்றார். மருந்தும் பஞ்சும் தீர்ந்துபோயிருந்தன. அவள் சரி என்றாள்.

அவள் குள்ளம். ஒட்டடையின் பெல்ட்டு அவள் இடுப்பில் நிற்கவில்லை. ஆணியால் புதிதாக ஓட்டை போட்டு இறுக்கினாள். வியர்வையில் விறைத்துப்போன வாரில் இன்னும் அவன் வாடை இருந்தது. கொக்கியின் வாயில் ஒரு கீறல். தொட்டிக் கைப்பிடி இழுத்த கீறல்.

தளத்தின் விளிம்பில் காற்று வேறு மாதிரி அடித்தது. கீழே இருந்தபோது இந்தக் காற்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. பச்சை வலை உப்புவதும் ஒட்டுவதுமாக மூச்சு விட்டது. முதல் தொட்டி ஆடாமல் அசையாமல் மேலே வந்து நின்றது. இரண்டு பேர் வந்து கலவையை வாரிக்கொண்டு போனார்கள். காலித் தொட்டியை வெளியே தள்ளினாள். நீளம் போதாமல் விளிம்பு வரை போய், வயிறு காற்றில் நிற்கத் தள்ள வேண்டியிருந்தது. பின்வாங்கி, கொக்கியை எடுத்துக் குறுக்குக் குழாயில் போட்டாள். 'டக்' என்றது. இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

இனிச் சொல்ல வேண்டும்.

வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. தொட்டி அவள் கண் முன்னால் அந்தரத்தில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. கீழே வின்ச் உறுமிக்கொண்டு காத்திருந்தது.

"என்ன அங்க, மேல தூங்கிட்டியா?" மேஸ்திரியின் குரல். "சிக்னல் குடு! கலவை இறுகுது!"

ராகமில்லாமல், சிரிப்பில்லாமல், ஐயோ இல்லாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். வெறும் வார்த்தையாக மட்டும்.

"மாட்டிக்கிட்டேன்!"

குரல் நடுவில் உடைந்துவிட்டது. அவள் காதுக்கே அது யாரோ சாகிறவள் குரல் மாதிரி இருந்தது.

வின்ச் அசையவில்லை.

தொட்டி தொங்கியது. மெஷினின் உறுமல் மட்டும். பிறகு மெஷினும் நின்றது. அவன் அதை அணைத்துவிட்டான். அந்த அமைதியில், வலைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத ஆழத்திலிருந்து, அன்று கதவுக்குப் பின்னாலிருந்து பேசிய பிறகு அவளோடு பேசாத தம்பியின் குரல் ஏறி வந்தது. தொண்டை கிழியக் கத்தினான்.

"எதுலக்கா?"

அவள் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எதுல மாட்டிக்கிட்ட? சொல்லுக்கா! எதுல?"

"குழாய்லடா!" அவளும் கத்தினாள். கண்ணீர் மூக்கு வழியாக இறங்கி வாயில் உப்புக் கரித்தது. "குழாய்ல! குழாய்லதாண்டா!"

"டேய், என்னடா நாடகம் நடத்துற?" மேஸ்திரி கீழே சாமியாடினார். "சொன்னா இறக்க வேண்டியதுதானே? ஒவ்வொரு தொட்டிக்கும் இப்படிக் கதை கேட்டுக்கிட்டிருந்தா எப்ப தளம் போடுறது? இனிமே கேள்வி கேட்ட, உன்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டுருவேன்!"

மெஷின் மறுபடியும் உறுமியது. தொட்டி இறங்கத் தொடங்கியது. அங்குலம் அங்குலமாக, தூங்குகிற ஆளைத் தூக்கிப் படுக்கவைக்கிற மாதிரி. கம்பிக் கயிறு அவள் முகத்துக்கு எதிரே நடுங்கிக்கொண்டே போயிற்று. நாளைக்கும் அவன் கேட்பானா? மேஸ்திரி சொன்னதைச் செய்தால், நாளை மறுநாள் அந்தப் பிரேக்கைப் பிடிக்கிறவன் கேட்பானா?

கட்டடத்தின் அந்தப் பக்கத்து முனையில் இன்னொரு வின்ச் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மேலே நிற்கிறவனை அவள் பார்த்ததுகூட இல்லை. அவன் குரல் மட்டும் சுவரில் முட்டித் திரும்பி வந்தது, வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே, நல்ல சத்தமாக.

"மாட்டிக்கிட்டேன்!"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தாள்.

எதில் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வின்ச் உடனே கிளம்பியது.